தந்தை வழி தேடல்: ஹம்பியா, கொள்ளேகாலா?

9 ஜூன் 2024

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "நாங்கள் வீட்டில் கன்னடம் பேசும் நெசவுக் குடும்பம். ஹம்பியிலிருந்து வந்தோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்பா வழியில் பின்னால் போய், இந்த ஊருக்கு முதலில் வந்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். நாங்களும் அப்படித்தான், தேவாங்கர் என்னும் நெசவுச் சாதி, ஊர் புஞ்சைப் புளியம்பட்டி. எங்கள் வீட்டுக் கதையும் அதுவேதான். 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றது, தலைநகரம் ஹம்பி சூறையாடப்பட்டது, நெய்த சேலையை வாங்க அரண்மனை இல்லை. அதற்கு மேல், புதிதாக வந்த அரசன் எங்கள் குலத்துப் பெண்ணைக் கேட்டான். கொடுக்க மனமில்லாமல் ஒரே ராத்திரியில் தறியைப் பிரித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். சௌடேஸ்வரி அம்மன் முன்னால் நடந்தாள், கொலுசுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பின்னால் வந்தோம். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டால் எனக்கு மயிர் கூச்செறியும். ஆகவே முதலில் வந்தவர் 1565ஐ ஒட்டி வந்தவர் என்று வைத்துக்கொண்டு தேடலாம்.

11 ஜூன் 2024

மேலே எழுதியதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் பிறந்தது 1972. ஒரு தலைமுறைக்கு 28 ஆண்டு என்றால் 1565 வரை பதினான்கு தலைமுறைக்கு மேல் போக வேண்டும். எனக்குப் பெயர் தெரிவது அப்பா, தாத்தா, பூட்டன், அவ்வளவுதான். மூன்று பேரைக் கையில் வைத்துக்கொண்டு பதினான்காவது ஆள் எந்த வருஷம் எந்த ஊரை விட்டுக் கிளம்பினார் என்று எழுதிவிட்டேன். தப்பு.

இன்னொன்று. அரசன் பெண் கேட்டதும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியதும் எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தெலுங்கு பேசும் கம்பளத்தாரிடமும் இதே கதை உண்டு. அவர்களுக்கு ஆற்றங்கரைப் பொங்க மரம் வளைந்து பாலமாகிறது, எங்களுக்கு அம்மன் கொலுசு. உடுமலைப் பக்கத்து நண்பர் ஒருவர் வீட்டில் அதைக் கேட்டபோது எங்கள் அஜ்ஜி (பாட்டி) சொல்வதைப் போலவே இருந்தது. வடக்கிலிருந்து இறங்கி வந்த பல கூட்டத்துக்கும் பொதுவான கதை இது. அதை வைத்து என் வீட்டு ஆள் ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது.

11 ஜூன் 2024, இரவு

கன்னடம் பேசுகிறவர்கள் கொங்குக்கு வந்தது ஒரே தடவை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். போசளர் (ஹொய்சள அரசர்கள்) காலத்திலேயே அவர்களுடைய தண்டநாயகர்கள் (படைத்தலைவர்கள்) மோயாறும் பவானியும் சேரும் இடத்தில் கோட்டை கட்டி ஆண்டிருக்கிறார்கள், அதுதான் தண்ணாயக்கன்கோட்டை. பிறகு விஜயநகரம். பிறகு 17ஆம் நூற்றாண்டில் மைசூர் உடையார்கள். அப்புறம் ஹைதரும் திப்புவும், 1799 வரை. இதில் எந்த அலையில் நம் ஆள் வந்தார்? தெரிய வேண்டியது அதுதான்.

16 ஜூன் 2024

அப்பாவின் தகரப் பெட்டியை இறக்கினேன். அப்பா தவறி ஆறு வருஷம் ஆகிறது, அதற்கப்புறம் யாரும் திறக்கவில்லை. மேலே சொசைட்டிப் பாஸ்புத்தகங்கள், நூல் வாங்கிய சீட்டுகள். அடியில் பத்திரங்கள். பாதி கரையான் தின்றது போக மிச்சம் பதினொன்று. 1931இல் தாத்தா எழுதிக் கொடுத்த அடமானப் பத்திரம் ஒன்று முழுசாக இருக்கிறது. மீதியை மெதுவாகத்தான் பிரிக்க வேண்டும், தொட்டால் உதிர்கிறது.

கேட்ட நண்பருக்கு: முதலில் வீட்டுப் பத்திரத்தைப் பாருங்கள். பழைய பத்திரங்களில் எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர், இருவருடைய அப்பா பெயர், ஊர், தாலுகா, ஜாதி, தொழில் எல்லாம் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் கிடைக்காதது இதில் கிடைக்கும்.

17 ஜூன் 2024

"உங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாதே, எப்படித் தேடுவீர்கள்" என்று ஒருவர் கேட்கிறார். வங்குசம், அதாவது குலப்பிரிவு, இருக்கிறது. எங்களுடையது 'மனேரு' என்று முடியும், மனை என்று பொருள். ஒரே வங்குசம் என்றால் பங்காளி, பெண் கொடுத்து எடுக்க மாட்டோம். ஆனால் வங்குசம் பத்திரத்தில் வராது, கல்யாணப் பேச்சில்தான் வரும்.

30 ஜூன் 2024

கிடைத்துவிட்டது. 1903ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். பூட்டன் புளியம்பட்டியில் வீடு வாங்கியது, நான் பிறந்த அதே வீடு. அதில் பூட்டனைப் பற்றி எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன், பெயர்களை மட்டும் விட்டுவிட்டு: "கோயமுத்தூர் ஜில்லா கொள்ளேகால் தாலுகாவிலிருந்து வந்து தற்சமயம் புளியம்பட்டியில் குடியிருக்கும் ... குமாரர் ... நெசவு ஜீவனம்".

நான்கைந்து தடவை படித்தேன். ஹம்பி இல்லை, 1565 இல்லை. என் அப்பாவின் தாத்தாவே வெளியூரிலிருந்து வந்தவர். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே தாத்தா ஹம்பிக் கதை சொல்வார். அவருடைய சொந்த அப்பா கொள்ளேகாலிலிருந்து வந்ததை ஒரு நாள் கூடச் சொன்னதில்லை.

1 ஜூலை 2024

"கொள்ளேகால் கர்நாடகாவில் அல்லவா இருக்கிறது, கோயமுத்தூர் ஜில்லா என்று தப்பாக எழுதிவிட்டார்களா" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தப்பு இல்லை. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது மைசூருக்குப் போனது, இன்றைக்குச் சாமராஜநகர் மாவட்டம். நாங்கள் "வந்தேறி" என்று பள்ளியில் சண்டைபோட்ட பையன்களிடம் இதைச் சொல்ல ஆசையாக இருக்கிறது. என் பூட்டன் ஜில்லாவைக்கூடத் தாண்டவில்லை, மலையைத்தான் தாண்டினார்.

6 ஜூலை 2024

அஜ்ஜி சொன்னது ஒன்று நேற்று ராத்திரி ஞாபகம் வந்தது. தார் (குறுக்கு நூல் சுருள்) சுற்றிக்கொண்டே சொல்வார்: "நூலு சிக்கித ஊரிகெ பந்தெவு". நூல் கிடைத்த ஊருக்கு வந்தோம் என்று அர்த்தம். தாத்தாவின் கதையில் ராஜாவும் அம்மனும் வருவார்கள், அஜ்ஜியின் பேச்சில் நூல்தான். அது ஏதோ பழமொழி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் நெகமத்தில் பிறந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தவர், மாமியாரிடம் கேட்டதைத்தான் சொல்லியிருப்பார். தந்தை வழி, தந்தை வழி என்று தேடுகிறேன், உண்மையை வைத்திருந்தது வெளியிலிருந்து வந்த மருமகள்.

1888இல் கோவையில் முதல் நூற்பாலை வந்தது, ஸ்டேன்ஸ் மில். அதற்கு முன்பே 1873இல் கோவைக்கு ரயில் வந்துவிட்டது. ஆலை நூல் கோவையில் கிடைக்கும்போது மலைக்கு மேலே கொள்ளேகாலில் உட்கார்ந்திருப்பதைவிடக் கீழே வருவது நெசவாளிக்கு லாபம். இது என் ஊகம்தான். ஆனால் அஜ்ஜியின் வாக்கியத்தோடு ஒத்துப்போகிறது.

4 ஆகஸ்ட் 2024

ஆடி அமாவாசை. பவானி கூடுதுறையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தேன், நல்ல கூட்டம். ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். அப்பா பெயர், தாத்தா பெயர், மறுபடி அப்பா பெயர். "ஏனுங்க, அதே பேரையே சொல்றீங்க?" என்று நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வழக்கம் அப்படி. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். எனக்குத் தாத்தா பெயர், அப்பாவுக்குப் பூட்டன் பெயர். இரண்டே பெயர் மாறி மாறி வருகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. இது பத்திரம் தேடுகிறவனுக்குப் பெரிய ஆபத்து. 'அ'வின் மகன் 'ஆ' என்று ஒரு காகிதத்தில் இருந்தால் அது எந்த 'ஆ'?

10 ஆகஸ்ட் 2024

பயந்தபடியே ஆயிற்று. பெட்டியில் ஒரு கடன் சீட்டு இருந்தது. நூல் வாங்க முப்பது ரூபாய் கடன், எழுதிக் கொடுத்தவர் பெயர் என் பெயர், அப்பா பெயர் என் அப்பா பெயர். "பவ வருஷம் கார்த்திகை மாதம்", தேதி, கிழமை. தலைப்பகுதியைக் கரையான் தின்றுவிட்டதால் முத்திரை இல்லை. பவ வருஷம் 1934-35. அப்போது தாத்தாவுக்கு இருபத்தைந்து வயது, நூல் கடன் வாங்கும் வயதுதான். தாத்தாவுடையது என்று ஜூன் மாதமே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

ஆனால் பவ வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும். 1874-75உம் பவ. அப்போது தாத்தா பிறக்கவே இல்லை. தாத்தாவின் பெயரை உடைய இன்னொருவர், பூட்டனின் அப்பா, ஓட்டன், அவர்தான் இருந்தார். வருஷமும் சுற்றுகிறது, பெயரும் சுற்றுகிறது. எந்தச் சுற்று இது?

18 ஆகஸ்ட் 2024

இங்கே ஒரு பெரியவர் வழி சொன்னார், அவருக்கு என் நன்றி. கிழமையைப் பாருங்கள் என்றார். அறுபது சூரிய வருஷம் என்பது 21,915 நாளுக்குக் கொஞ்சம் மேலே. ஏழால் வகுத்தால் ஐந்தரை நாள் போல மிச்சம். அதனால் ஒரே மாதத் தேதி அறுபது வருஷம் கழித்து வரும்போது கிழமை ஐந்தோ ஆறோ தள்ளிப்போயிருக்கும், ஒரே கிழமையாக இருக்கவே முடியாது. இரண்டு வருஷத்துக்கும் பழைய பஞ்சாங்கக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1934உக்குப் பொருந்தவில்லை. 1874உக்குப் பொருந்துகிறது.

பிறகு சீட்டின் அடியில் கிறுக்கலாக இருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அது கிறுக்கல் இல்லை, கன்னட எழுத்தில் கையெழுத்து. 1931 பத்திரத்தில் தாத்தா தமிழில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவருக்குக் கன்னடம் பேசத்தான் தெரியும். சீட்டு ஓட்டனுடையது. கடன் கொடுத்தவர் கொள்ளேகால் பேட்டைக்காரர் என்று உள்ளேயே இருக்கிறது. ஜூன் மாதம் நான் எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள்: பெயர் தெரிந்தவர்கள் மூன்று பேர் இல்லை, ஐந்து பேர். ஓட்டன், ஓட்டனின் அப்பா.

150 வருஷத்துக்கு முன்னால் என் பெயரோடு ஒருவர் நூலுக்குக் கடன் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த இடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

19 ஆகஸ்ட் 2024

1874இல் கொள்ளேகாலில் கடன். 1903இல் புளியம்பட்டியில் வீடு. நடுவில் 1876-78, தாது வருஷப் பஞ்சம். மைசூர், சேலம், கோயமுத்தூர் எல்லாம் காய்ந்து கிடந்த காலம். பஞ்சத்தில் முதலில் படுப்பது நெசவுதான். சோற்றுக்கே வழியில்லாதவன் சேலை வாங்க மாட்டான். கடன் வாங்கி இரண்டு வருஷத்தில் பஞ்சம் வந்திருக்கிறது. முப்பது ரூபாய் என்ன ஆனது?

20 ஆகஸ்ட் 2024

"அப்படியானால் பஞ்சத்தில் வந்தவர்கள் நீங்கள்" என்று ஒருவர் முடித்துவிட்டார். நான் முடிக்கவில்லை. 1903 பத்திரத்தில் "தற்சமயம்" என்றுதான் இருக்கிறது, எத்தனை வருஷமாக என்று இல்லை. பஞ்சமாகவும் இருக்கலாம், மில் நூலாகவும் இருக்கலாம். 1565இல் செய்த தப்பை 1876இல் செய்யக் கூடாது.

8 செப்டம்பர் 2024

நம் வீட்டுக் கன்னடத்தை வைத்துக் காலம் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு. முயற்சி செய்தேன். பழைய கன்னடத்தில் 'ப' என்று தொடங்கிய சொற்கள் பின்னாளில் 'ஹ' ஆயின. நம் பால் அவர்களுக்கு ஹாலு. நாங்களும் வீட்டில் ஹாலு, இல்லாவிட்டால் ஆலு. தறியில் நீளவாட்டு நூல் ஹாசு, குறுக்கு ஹொக்கு. தறிக்கு மக்க. ஆனால் இந்த மாற்றம் 1565க்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிட்டது. அதனால் ஹம்பியா கொள்ளேகாலா என்ற வழக்கை ஹாலு தீர்க்காது. இதில் இரண்டு வாரம் போனது, போகட்டும். அஜ்ஜியின் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டேன், முந்நூறுக்கு மேல் வந்திருக்கிறது. என் பிள்ளைகளுக்கு அதில் நாற்பது கூடத் தெரியாது.

13 அக்டோபர் 2024

நேற்று விஜயதசமி. கோவை ராஜவீதிக்குக் கத்தி போடுவதைப் பார்க்கப் போனோம். பார்த்திராதவர்களுக்கு: அம்மனை அழைத்து வரும்போது வீரகுமாரர்கள் கத்தியால் தங்கள் மார்பில் போட்டுக்கொண்டே முன்னால் ஆடி வருவார்கள். ரத்தம் வரும், மஞ்சள் பொடி வைத்துக்கொள்வார்கள். "வேசுக்கோ தாயே, தீசுக்கோ தாயே" என்பது முழக்கம். என் மகன் கேட்டான்: "அப்பா, நாம கன்னடம், இது தெலுங்காச்சே?" ஆமாம், இரண்டும் தெலுங்குச் சொற்கள். தீசுக்கோ என்றால் எடுத்துக்கொள். தேவாங்கரில் தெலுங்கு பேசுவோரும் உண்டு, கன்னடம் பேசுவோரும் உண்டு, அம்மன் ஒருத்திதான். சாமி கும்பிடும் மொழியை வைத்தும் வீட்டு வழியைச் சொல்ல முடியாது என்று அங்கே நின்றபோது புரிந்தது. இத்தனை வருஷம் நானும் கூடச் சேர்ந்து கத்தியிருக்கிறேன், யோசித்ததே இல்லை.

24 நவம்பர் 2024

கொள்ளேகால் போய்விட்டு வந்தேன். பண்ணாரியில் கும்பிட்டு, திம்பத்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆசனூர், சாமராஜநகர் வழியாக. வளைவு ஏறும்போதெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்: இறங்கும்போது தறிச் சாமானை எதில் வைத்து இறக்கினார்கள்? குழித்தறியில் குழி மண்ணோடு போய்விடும். அச்சு, பண்ணை, நாடா (குறுக்கு நூலை ஓட்டும் கட்டை), பாவு சுற்றும் மரம் இவற்றைத் தலைச்சுமையாகக் கொண்டுவரலாம். வீட்டில் இருக்கும் பழைய நாடா ஒன்று புளியமரத்தில் செய்தது, யார் செய்தது என்று தெரியாது.

கொள்ளேகாலில் இன்றும் பட்டுத்தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் இருக்கின்றன. விசாரித்து, எங்கள் வங்குசத்துப் பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். எண்பது வயதுக்கு மேல். "மனெ தேவரு யாரு?" (குலதெய்வம் யார்) என்றுதான் முதல் கேள்வி. வங்குசம் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ஓட்டன் பெயரை அவர் கேட்டதில்லை. ஆனால் சொன்னார்: "கட்டத கெளகெ ஹோதவரு பஹள ஜன". மலைக்குக் கீழே போனவர்கள் நிறையப் பேர் என்று. அவருடைய பெரியப்பா வழியிலும் ஒரு வீடு அப்படிப் போய்த் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.

எங்கள் வீட்டில் நாங்கள் வந்தவர்கள். அவர்கள் வீட்டில் நாங்கள் போனவர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

25 நவம்பர் 2024

நேற்று எழுத விட்டது. அவர்களும் தாங்கள் ஹம்பியிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். ஹம்பி ஹேமகூடத்தில் நம் குலத்தின் காயத்ரி பீடம் இருக்கிறது, வருஷம் ஒருமுறை போகிறார்களாம். அப்பா வழியில் ஆள் ஆளாகப் பெயரோடு போனால் நான் நிற்பது கொள்ளேகால், 1874. ஹம்பி மொத்தக் குலத்துக்கும் உரியது, அதைத் தாத்தாவிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் இல்லை. இரண்டையும் தனித்தனியாகச் சொல்வேன்.

15 டிசம்பர் 2024

மரபணுச் சோதனை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் போகும், எப்போதாவது ஒரு சின்ன மாற்றம் விழும். அதை வைத்துச் சொல்லும் பெரிய கிளைகள் பல்லாயிரம் வருஷப் பழமை, ஒரே கிளையில் பல ஜாதி, பல மொழிக்காரர்கள் இருப்பார்கள். என்னுடையதை மட்டும் பார்த்தால் கொள்ளேகால் என்று வராது. அந்தப் பெரியவர் வீட்டு ஆண் ஒருவருடையதையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்தால் ஏதாவது தெரியும். அவர்களிடம் இப்போதே எச்சில் கேட்க எனக்கு வாய் வராது. அடுத்த தடவை கல்யாணப் பத்திரிகையோடு போகும்போது பார்க்கலாம்.

சுவீகாரம் என்று ஒன்றும் இருக்கிறது. தாத்தாவின் தம்பியைப் பிள்ளையில்லாத வேறு வங்குசத்து வீட்டுக்குத் தத்துக் கொடுத்தார்கள். அவர் பேரன்கள் இன்று அந்த வங்குசம். ரத்தச் சோதனை எங்களோடு சேர்க்கும், கோயில் வரி அந்த வீட்டோடு சேர்க்கும். பெண் கொடுப்பதென்றால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் இன்னும் மறுக்கிறார்கள். ஓட்டனுக்கு மேலே இப்படி ஒரு தத்து நடந்திருந்தால்? நடந்திருக்கட்டும். கூடுதுறையில் நான் சொல்லும் பெயர் மாறாது.

29 ஜனவரி 2025

தை அமாவாசை. மறுபடி கூடுதுறை. ஐயர் கேட்டது மூன்று பெயர்தான். மூன்றையும் சொல்லிவிட்டு, மேலே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் சாமி, சொல்லலாமா என்றேன். சொல்லுங்க என்றார். என் பெயரையும் அப்பா பெயரையும் இன்னொரு முறை சொன்னேன். எள்ளும் தண்ணீரும் விட்டார்.

இன்னும் ஒன்று பாக்கி, உதவி வேண்டும். கொள்ளேகாலை விட்ட பிறகு நேராகப் புளியம்பட்டி வரவில்லை, "கோட்டைக்குப் பக்கத்தில் நாலு வருஷம்" இருந்தார்கள் என்று என் அத்தை இப்போது சொல்கிறார். அஜ்ஜி சொல்லிக் கேட்டதாம். எந்தக் கோட்டை என்று கேட்டேன், தண்ணிக்குள்ள போன கோட்டை என்றார். தண்ணாயக்கன்கோட்டைதான். 1955இல் பவானிசாகர் அணை கட்டி முடித்தபோது ஊரும் கோயிலும் மூழ்கிவிட்டன. அணை வற்றிய ஒரு கோடையில் அப்பா என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். சேறு காய்ந்து வெடித்த தரையில் நின்றுகொண்டு வெகுநேரம் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

அணைக்கு முன்னால் அந்த ஊரிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் சத்தி, பவானிசாகர், புளியம்பட்டிப் பக்கம் இருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் 1880, 1890களின் பத்திரம் ஏதாவது இருந்தால், எல்லை சொல்லும் இடத்தைப் பாருங்கள். "இதற்குக் கிழக்கு, நெசவுக்காரர் வீட்டுக்கு மேற்கு" என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?